மூன்று தரம் கூப்பிட்ட நோரா அக்காவுக்கு

என் நோரா அக்கா,

அன்று பின்னேரம் வீட்டுக்குள் இருந்தவர்கள் நான், மகள் சாந்தி, பேத்தி மீனா. கதவுக்கு வெளியே, கோரைப்புல்லில் பின்னிய சிலுவையோடு நீங்கள். நீலத் தொப்பி போட்டிருந்தீர்கள். எனக்கு ஒன்றும் மறக்கவில்லை.

புனித பிரிஜித்தின் திருநாளுக்கு முதல்நாள் உங்கள் அயர்லாந்தில் அது வழக்கம். ஒருவர் வெளியே நின்று, பிரிஜித் வந்திருக்கிறாள், உள்ளே விடுங்கள் என்று மூன்று தரம் கூப்பிட வேண்டும். உள்ளே இருப்பவர்கள் மூன்று தரமும் வரவேற்க வேண்டும். உங்களுக்கென்று ஒருவரும் மிஞ்சாதபோது, எட்மண்டனில் பக்கத்து வீட்டுக்காரி நான்தான் "வாங்கோ" சொன்னேன். இருபத்திரண்டு வருஷம் சொன்னேன்.

போன வருஷம் சொல்லவில்லை.

கிறிஸ்மஸுக்குக் கட்டிய இலை தழை ஜனவரி ஆறு தாண்டியும் வாசலில் இருந்தால் கெடுதி என்பீர்கள். போன வருஷம் அந்த ஆறாம் திகதி உங்கள் வாசலைத் துப்புரவாக்கிய கையோடு, என் வாசலில் காய்ந்து கிடந்த மாவிலைத் தோரணத்தையும் அறுத்துக் குப்பையில் போட்டீர்கள். எனக்குக் கெடுதி வரக்கூடாதென்றுதான். ஆனால் அது என் மனுசன் தன் கடைசித் தீபாவளிக்குக் கட்டியது. அவர் போனபிறகும் நான் அவிழ்க்காமல் வைத்திருந்தேன். உங்களுக்கு அது தெரியாது. நானும் வாய் திறந்து சொல்லவில்லை.

"அம்மா, கதவைத் திறவுங்கோவன். பாவம், குளிருக்குள்ள நிக்கிறா," என்றாள் சாந்தி.

"நிக்கட்டும். இலை பிடுங்கத் தெரிஞ்சவவுக்கு நிக்கவும் ஏலும்."

மூன்றாம் தரம் உங்கள் குரல் இறங்கிப் போனது. பிறகு கேற் சாத்துகிற சத்தம். சிலுவை படியில் கிடந்தது. அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள், திரும்பி வரவில்லை.

நான் கோபம் என்று விளங்கியதா, அக்கா? இல்லை, எனக்குக் காது மந்தமாகிவிட்டதென்று நினைத்துக்கொண்டு போனீர்களா?

இந்த வருஷம் அதே சிலுவையோடு நான் வெளியே நின்றேன். "பிரிஜித்தும் நோரா அக்காவும் வந்திருக்கினம்" என்று மூன்று தரம் கூப்பிட்டேன். மீனா உள்ளிருந்து கத்தினாள்: "வாங்கோ, வாங்கோ, வாங்கோ! அம்மம்மா, கெதியா வாங்கோ, ஹீட்டிங் எல்லாம் வெளியில போகுது!"

தோரணம் இருந்த ஆணியில் இப்போது உங்கள் சிலுவை. என் கால் நிற்கும் மட்டும் ஒவ்வொரு வருஷமும் உங்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே வருவேன்.

என் கலியாணச் சேலையைப் பழசென்று சொன்ன மச்சாளைக்கூட இந்த வருஷம் மன்னித்துவிட்டேன். ஒருத்தியை மட்டும் மன்னிக்க மாட்டேன். அவள் பெயரைக் கீழே எழுதியிருக்கிறேன்.

உங்கள் தங்கச்சி,
பூமணி