சுற்றாமல் நின்ற ஆலாத்தி

இன்று காலை ருவான்வெல்லை பஸ்ஸில் ஒட்டுப்பால் நாற்றம் அடித்தது. ரப்பர் மரத்தின் வெட்டில் காய்ந்து கிடப்பதை உரித்து மூட்டை கட்டி வைத்தால் எழும்புமே, அந்த நாற்றம். எந்தத் தோட்டத்துப் பெண்ணோ தெரியவில்லை. மூட்டையைக் காலோடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். இரண்டு பேர் மூக்கைப் பொத்தினார்கள். என் பக்கத்தில் இருந்தவள் எழுந்து முன்னால் போய்விட்டாள். நான் அந்த இடத்தைத் தட்டிக் காட்டி, "வாங்க, உக்காருங்க" என்றேன். அவள் உட்கார்ந்தாள். கூடவே நீயும் வந்து உட்கார்ந்துவிட்டாய்.

நீயாக இருந்தால் ஓரமாகவா நின்றிருப்பாய்! இதே பஸ்ஸில் ஒரு கண்டக்டர் உன்னையும் உன் மூட்டையையும் பின்னால் போகச் சொன்னபோது, இந்த பஸ் எதன் மேல் ஓடுகிறது என்று நல்ல சிங்களத்தில் கேட்டாய். அவன் விழித்தான். டயரின் மேல்தானே மல்லி என்று அவனைத் தம்பியாக்கி, அந்த டயருக்குப் பால் வெட்டியது யார் என்று அடுத்த கேள்வி. பஸ்ஸே சிரித்தது. அதற்குப் பிறகு உன்னைக் கண்டால் அவனே இறங்கி மூட்டையைத் தூக்கி வைப்பான்.

நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எப்போதும் "இவளே"தான். ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த காம்பரா வீட்டுக்கு, ஒரே வருடத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் நாம். நீ மலைக்குப் பால் வெட்டப் போனாய். எனக்குக் கொஞ்சம் படிப்பு இருந்ததால் பிள்ளைக்காம்பராவில் வேலை கிடைத்தது. தாய்மார் வேலையால் வரும் வரைக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. "படிச்சவ பீத்துணி அலசுறா, படிக்காதவ மரத்துல கோடு கிழிக்கிறா" என்று நீ கேலி செய்வாய். கோபம் வரும். ஆனால் சிரித்துவிடுவேன்.

நம் டிவிஷனை நடுவே ஓடிய ஓயா ஆறு பிரித்தது. லயமும் பிள்ளைக்காம்பராவும் இந்தப் பக்கம், பால் மலை அந்தப் பக்கம். நடுவில் இரண்டு தென்னங்குற்றிகளைச் சேர்த்துப் போட்ட ஏதண்டப் பாலம். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. விடிகாலையில் முழங்கால் அளவு கூட ஓடாத தண்ணீர், மேலே மழை கொட்டினால் அரை மணி நேரத்தில் குற்றியை மூடிவிடும். அந்தப் பக்கம் போன தாய்மார் அங்கேயே நிற்க வேண்டியதுதான். பிள்ளைகள் இங்கே என்னோடு அழும்.

உன் மகன் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது அப்படி ஒரு நாள் வந்தது. காலை பத்து மணிக்குப் பிடித்த மழை விடவே இல்லை. அவன் கத்திக் கத்திக் குரல் கட்டிப்போனான். சீனித் தண்ணீரைக் கரண்டியால் கொடுத்தேன், துப்பிவிட்டான். குடையைப் பிடித்துக்கொண்டு அவனை ஓயாக்கரைக்குத் தூக்கி வந்தேன். அக்கரையில் நீ நின்றாய். மழையில் எல்லாருக்கும்தான் சட்டை நனைந்திருந்தது. உன் சட்டையை நனைத்தது மழை மட்டுமில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"என்னாடி குடுத்த அவனுக்கு?" என்று கத்தினாய்.

"ஒண்ணும் குடிக்க மாட்டேங்கிறான்!" என்றேன்.

அவ்வளவுதான், தண்ணீருக்குள் மறைந்திருந்த குற்றியில் கால் வைத்துவிட்டாய். நாலாவது அடியில் வழுக்கியது. பின்னால் நின்ற பெண்கள் உன் கொண்டையைப் பிடித்து இழுத்துத்தான் கரையேற்றினார்கள். முழங்கை கல்லில் மோதி உடைந்தது. அந்த இடது கை அதற்குப் பிறகு முழுதாக நிமிரவே இல்லை. பாதுகாப்பாகத் தூக்கி வைத்திருந்த பிள்ளையோடு நான் இக்கரையில் ஒன்றும் செய்ய முடியாமல் நின்றேன்.

பாலம் கேட்டு நான் எழுத எழுத நீ கையெழுத்து வாங்கினாய். அடுத்த வருட எஸ்டிமேட்டில் பார்க்கலாம் என்றது தோட்டத்து ஒபிஸ். "நான் சொல்லியிருக்கேன்" என்றார் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். அவர் யாரிடம் என்ன சொன்னார் என்பது அவருக்கே தெரியாது. உன் வாயை அடக்கவோ என்னவோ, உன்னை மாதர் தலைவியாகப் போட்டார். மாதர் தலைவிக்கு நம் தோட்டத்தில் ஒரே ஒரு வேலைதான். வெளியாட்கள் வந்தால் ஆலாத்தி எடுப்பது.

பிறகு அந்த மகளிர் விழா வந்தது. கொழும்பிலிருந்து ஓர் அமைச்சர் வருகிறார் என்றார்கள். நம் எல்லாருக்கும் ஒரே நிறத்தில் சேலை. முன்வரிசை நாற்காலிகள் எல்லாம் ஆம்பிளைகளுக்கு. நீ அந்த நாற்காலிகளைப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாய்: "விழா நமக்காம்டி. தட்டு தூக்குறதும் நாமளேதானாம்."

ஆலாத்தியை இரண்டு பேர் சேர்ந்துதானே எடுக்க வேண்டும். தட்டின் அந்தப் பக்கம் உன் கை, இந்தப் பக்கம் என் கை. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து சிவந்த தண்ணீர், அதன் நடுவே வெற்றிலையில் கற்பூரம். மேளம் அடித்தது. அமைச்சர் காரை விட்டு இறங்கி, கும்பிட்டபடி சிரித்த முகத்தோடு வந்து நின்றார். போட்டோ எடுப்பவர்கள் குனிந்தார்கள். நான் கையைச் சுற்ற ஆரம்பித்தேன். தட்டு நகரவில்லை. உன் பக்கம் இறுகிப் பிடித்திருந்தாய். நிமிராத அந்தக் கையையும் சேர்த்துக் கொடுத்துப் பிடித்திருந்தாய்.

"பொட்டக் இன்ன சேர்" என்றாய். கொஞ்சம் நில்லுங்கள் ஐயா என்று இவ்வளவு மரியாதையாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிறகு சிங்களத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாய். ஓயா, குற்றி, அக்கரையில் தாய், இக்கரையில் பிள்ளை. ஒரு சொல் கூட உரக்க இல்லை. மேளம் தானாக நின்றுபோனது.

தலைவர் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். உன்னிடம் பேசிப் பயனில்லை என்று அவருக்குத் தெரியும். நேரே என்னிடம் வந்தார்.

"இந்தா, நீயாவது சுத்து! பிள்ளைக்காம்பரா வேலை வேணுமா வேணாமா ஒனக்கு?"

உண்மையைச் சொல்கிறேன், நீ இல்லாதபோதாவது சொல்கிறேன். நான் இழுத்தேன். என் பக்கத்தைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். சிவப்புத் தண்ணீர் தளும்பி உன் புதுச்சேலையில் கொட்டியது. நீ கோபப்படவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாய், அவ்வளவுதான். அந்தப் பார்வையில் திட்டு இருந்திருந்தால் நான் தட்டைப் போட்டுவிட்டு ஓடியிருப்பேன். எனக்கு எதிரே, பிள்ளையை என்னிடம் நம்பி விட்டுவிட்டு அக்கரையில் தவித்தவள் நின்றாள். என் கை நின்றுவிட்டது. என் ஆயுளில் நான் செய்த பெரிய காரியம், அன்றைக்குக் கையை அசைக்காமல் வைத்திருந்ததுதான்.

கற்பூரம் அணையப் போனது. அமைச்சருக்கு அப்பாடா என்றிருந்திருக்கும். நீ ஒரு கையால் முந்தானை முடிச்சை அவிழ்த்து இன்னொரு கட்டியை எடுத்து வைத்தாய். "அவசரமில்ல சேர், இன்னும் இருக்கு" என்றாய். அடிப்பாவி, எல்லாம் திட்டம் போட்டுத்தான் வந்திருக்கிறாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னிடம் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று பிறகு சண்டை பிடித்தேன். "சொல்லியிருந்தா நீ காச்சல்னு படுத்திருப்ப" என்றாய். படுத்திருப்பேன்தான்.

பின்னால் நின்ற பெண்கள் ஒருத்தர் கூட நகரவில்லை. அமைச்சர் தன் ஆட்களைப் பார்த்தார், போட்டோக்காரர்களைப் பார்த்தார், கடைசியில் சப்பாத்தைக் கழற்றினார். வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓயாவுக்கு நடந்தார். ஏதண்டயில் இரண்டு அடி வைத்துவிட்டுத் திரும்பி வந்தார், முகத்தில் சிரிப்பு இல்லை. என்ஜினியரைக் கூப்பிட்டு, பாலம் கட்டச் சொல்லி எல்லார் முன்னாலும் உத்தரவு போட்டார். அதன் பிறகு நாம் மூன்று முறை சுற்றினோம். நீ பொட்டும் வைத்துவிட்டாய். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அதற்காக நம்மை யாரும் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை. தோட்டத்து மானம் போச்சு என்றார்கள். என் வீட்டுக்காரர் பல நாட்கள் என்னோடு பேசவில்லை. உன் மாதர் தலைவி பதவியும் போனது. "தட்டு தூக்குற பதவிதானே, போனா போவுது" என்று மறுநாளே வாளியோடு மலைக்குப் போனாய். பாலம் இரண்டு மழைக்காலம் கழித்து வந்தது, இரும்புக் கம்பிப் பிடியோடு. திறப்பு விழாவுக்கு உன்னை யாரும் அழைக்கவில்லை. ரிப்பன் கட்டி, பேச்சு மேல் பேச்சாகப் போய்க்கொண்டிருக்கும்போது, அந்தப் பக்கத்திலிருந்து பால் வாளியோடு நீ வந்தாய். "வழி விடுங்க, நின்னா பால் கட்டிப் போயிரும்" என்று சொல்லி ரிப்பனுக்கு அடியில் குனிந்து கடந்து ஸ்டோருக்குப் போய்விட்டாய். நம் பாலத்தில் முதலில் நடந்தது நீதான் என்பதை யாராலும் மாற்ற முடியாது. பிள்ளைக்காம்பரா வாசலில் நின்று நான் கை தட்டினேன், உனக்குக் கேட்டிருக்காது.

சீனி வருத்தம் முற்றிக் கால் புண்ணாகி நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் உன் வாய் ஓயவில்லை. பிரதேச சபைத் தேர்தலில் பெண்களுக்கும் இடம் கொடுக்கிறார்கள், நீ நில் என்று என்னை அரித்தெடுத்தாய். நீயே நில்லேன் என்றேன். "நான் நின்னா வாயாலயே தோத்துருவேன். ஒனக்குத்தான் எழுதத் தெரியும், சும்மா நிக்கவும் தெரியும்" என்றாய். நான் வென்றதைக் கேட்க நீ இருக்கவில்லை. அன்றைக்கு எல்லாரும் மாலை போட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இனி, இந்த மடல் எழுத உட்கார்ந்த காரணத்தைச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நம் டிவிஷனில் மகளிர் விழா. சபை உறுப்பினர் என்று என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். இந்த முறை முன்வரிசை நாற்காலிகளில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு இளம் பெண்பிள்ளைகள் ஆலாத்தித் தட்டோடு வந்தார்கள். ஒருத்தி நிவித்திகலப் பக்கமிருந்து போன வருடம்தான் வாழ்க்கைப்பட்டு வந்தவள். கும்பிட்டுக்கொண்டு நெற்றியைக் காட்டி நின்றேன். தட்டு சுற்றவில்லை.

அந்த நிவித்திகலப் பிள்ளைதான் பேசினாள். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. மலையில பால் வெட்டுற பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ் இல்ல. விடிஞ்சதுல இருந்து மத்தியானம் வரைக்கும் அடக்கிக்கிட்டு நிக்கிறோம். எப்ப கட்டித் தருவீங்கன்னு சொன்னீங்கன்னா சுத்திருவோம்."

"இப்படி நிக்கணும்னு ஒனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டேன்.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "மாமிதான் சொன்னாங்க. இந்தத் தோட்டத்துல ஆலாத்தின்னா இப்படித்தானாமே! அந்தக் காலத்துல இருந்தே வழக்கமாம். கேட்டுட்டுத்தான் சுத்தணுமாம்."

கேட்டாயா? அவள் உன்னைப் பார்த்ததில்லை. உன் பேரும் அவளுக்குத் தெரியாது. ஊரே வாயில் போட்டு மென்ற உன் காரியம், இப்போது மருமகள்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வழக்கம். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்கு.

ஆனால் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது, நான் பதில் சொல்ல வேண்டுமே. அடுத்த எஸ்டிமேட்டில் பார்க்கலாம் என்றுதான் முதலில் வாயில் வந்தது. வெட்கமாக இருந்தது, விழுங்கிக்கொண்டேன். அடுத்த சபைக் கூட்டத்திலேயே இதை வைக்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் என்னோடு வந்து கேட்டுக்கொண்டிருங்கள் என்று சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து யோசித்துவிட்டு, அதன் பிறகுதான் சுற்றினார்கள்.

நாளைக்கு அந்தக் கூட்டம். அவர்களுக்கு என்னிடம் துளிப் பயம் இல்லை. எனக்குத்தான் அவர்களிடம் பயம். எனக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா? அந்தப் பயத்தோடுதான் நாளைக்குப் போகிறேன்.