வெள்ளை வேட்டிக்கு ஒரு சிவப்புத் துணி

அத்தை,

இன்று காலை உங்கள் மகள் கிம் லியானின் கற்பூர மரப் பெட்டியைத் திறந்தேன். நாளை கிள்ளானுக்குப் போக வேண்டும், குழந்தையின் நல்ல சட்டையைத் தேடினேன். மூடியைத் தூக்கியதும் மர வாசனையோடு உங்கள் வீட்டு ஊதுபத்தி வாசனையும் சேர்ந்து வந்தது. அடியில், அவள் அங்கிருந்து எடுத்து வந்த உங்கள் சிவப்புத் துணி நாலாக மடித்தபடி கிடந்தது. சட்டையை மறந்துவிட்டு அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. துக்கம் கழித்து, உங்கள் மகன் நாளை எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்.

உங்கள் வாசலில் நான் முதன்முதலாக வந்து நின்ற ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? அப்போது நான் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் கிராணி. கிம் லியான் பிரிக்பீல்ட்ஸில் தன் சித்தி வீட்டில் தங்கி, பக்கத்துத் தையல் கடையில் வேலை பார்த்தாள். ஒரே காக்கிக் கால்சட்டையை நான் மூன்று தடவை குட்டையாக்கவும் நீட்டவும் கொடுத்ததில் அவளுக்கே விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "அம்மா சரின்னா கல்யாணம். வேணாம்னா இல்ல. அப்புறம் நீ என்னைக் கெஞ்சக்கூடாது." அப்பா இல்லாத வீடு, உங்கள் சொல்தான் எல்லாம் என்றாள். "நல்ல உடுப்பா போட்டுட்டு வா" என்றும் சொன்னாள். அவள் என்னைக் காக்கியில் மட்டுமே பார்த்திருந்தாள்.

என் தாயாருக்கு இந்தச் சீனச் சம்பந்தம் பிடிக்கவில்லை. இரண்டு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படிப்பட்டவர் அன்று விடியற்காலையில் எழுந்து, நீலம் போட்டு வெளுத்த வேட்டி சட்டையை எடுத்து வைத்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டார். தன் கையால் தொடுத்த மல்லிகைச் சரத்தை வாழையிலையில் சுற்றிக் கொடுத்தார். "வெறுங்கையோட போகாதடா. அந்தம்மா கொண்டையில வச்சுக்கட்டும்." ரயிலில் கிள்ளான் வரும்வரை அந்தப் பொட்டலத்தை மடியிலிருந்து இறக்கவில்லை. உங்கள் தெருமுனையில் இலையைப் பிரித்து, சரம் நன்றாகத் தெரியும்படி கையில் ஏந்திக்கொண்டேன். மாப்பிள்ளை மிடுக்கு என்று எனக்கு நினைப்பு!

எதிர்க்கடைக்காரம்மா உங்கள் வீட்டைப் பார்த்து ஏதோ கத்தினார். கிம் லியான் வெளியே ஓடி வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது. பின்னாலேயே உங்கள் மகன் வந்து, வாசலின் குறுக்கே கையை நீட்டி மறித்தார். "யாரு செத்தது?" என்று மலாயில் கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிம் லியான்தான் மெல்லச் சொன்னாள்: "எங்க ஆளுங்க சாவுக்குத்தான் வெள்ளை உடுத்துவாங்க. வெள்ளைப் பூவும் சாவுக்குத்தான்." நல்ல காரியத்துக்கு என்று என் தாயார் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் உங்கள் வீட்டில் இழவுச் சேதியாகிவிட்டது.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். கோபப்படவில்லை. பாசாரில் மீன் பார்ப்பது மாதிரி தலையிலிருந்து கால்வரை என்னைப் பார்த்துவிட்டு, என் நெற்றியைக் காட்டிக் கேட்டீர்கள்.

"அந்தச் சாம்பல் யாரோடது?"

"யாரோடதும் இல்ல. மாட்டுச் சாணி. எரிச்சு எடுக்கறது."

கிம் லியான் கண்ணை மூடிக்கொண்டாள். "சாணியா? நெத்தியிலயா?" என்று நீங்கள் மறுபடி கேட்டுவிட்டு, நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. என் வாய்தான் சும்மா இருக்காதே. "அப்ப நல்ல காரியத்துக்கு என்ன நிறம்?" என்று கேட்டேன். நிலைக்கு மேலே தொங்கிய சிவப்புத் துணியைக் காட்டினீர்கள். அதை ஏன் அங்கே கட்டியிருக்கிறார்கள், எத்தனை நாளைக்கு இருக்கும், யார் கட்டுவது என்று நான் ஆரம்பித்தேன். உங்கள் மகனின் கை மட்டும் இறங்கவில்லை.

"பூ யாரு கட்டினது?" என்றீர்கள்.

"என் தாயார்."

"நீ இங்க வந்தது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். உங்க கொண்டைக்குன்னுதான் கட்டிக் குடுத்தாங்க."

நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள். எல்லாம் முடிந்தது, திரும்பிப் போக ரயில் எத்தனை மணிக்கு என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். நீங்கள் ஒரு சிவப்புத் துணியோடு திரும்பி வந்தீர்கள். மகனின் கையைத் தட்டிவிட்டு, எக்கி நின்று என் தோளில் அதைப் போட்டு, முன்பக்கம் இழுத்துச் சரிசெய்தீர்கள். "இப்ப வா" என்றீர்கள்.

உள்ளே மல்லிகையை இரண்டு கையாலும் வாங்கினீர்கள். கொண்டையில் வைக்கவில்லை. முன்னோர் மாடத்தில், மாமாவின் படத்துக்கு முன் வைத்தீர்கள். "எனக்கு இன்னும் நேரம் வரல. இது அவருக்கு" என்றீர்கள். சாப்பாட்டில் குச்சிகள் எனக்குப் பணியவில்லை. நான் கையால் பிசைந்து சாப்பிடுவதை நீங்கள் குனிந்து கவனித்தீர்கள். விரல் சுடாதா என்று கேட்டு, நீங்களும் ஒரு வாய் அப்படிச் சாப்பிட்டுப் பார்த்தீர்கள்.

புறப்படும்போது துணியைக் கழற்றி வாங்கிக்கொண்டீர்கள். "அடுத்த தடவையும் இதே உடுப்புல வா. துணிய வாசல்கிட்டயே வச்சிருக்கேன்." வெளியே கிம் லியான் அழுதுகொண்டு நின்றாள். "உங்க அம்மா கடைசிவரைக்கும் ஒண்ணும் சொல்லலியே" என்றேன். "சொல்லிட்டாங்கடா மடையா" என்றாள்.

அதன்பிறகு பத்து வருஷம். வெள்ளையில்தான் வந்தேன், வாசலில் நின்றேன், நீங்கள் துணி போட்ட பிறகு உள்ளே வந்தேன். எதிர்க்கடைக்காரம்மாவுக்கே அது பழகிவிட்டது.

நீங்கள் போன அன்று என் தாயார் மறுபடி மல்லிகை தொடுத்தார். "இப்பவாச்சும் அந்தம்மா கொண்டையில வை" என்று அழுதுகொண்டே கொடுத்தார். உங்கள் மகன் எல்லோருக்கும் வெள்ளைத் துக்க உடை கொடுத்துக்கொண்டிருந்தார். என்னிடம் வந்ததும் என் வேட்டியைப் பார்த்தார். "உனக்கு வேணாம். நீ சரியாத்தான் வந்திருக்கே" என்று சொல்லி என் தோளைப் பிடித்துக்கொண்டு உடைந்துவிட்டார். பூவை உங்கள் கொண்டையில் நான்தான் வைத்தேன். தலை இவ்வளவு சின்னதா என்று அன்றுதான் தெரிந்தது.

நாளைக்கும் வெள்ளை வேட்டிதான் கட்டப்போகிறேன். துணியை நானே தோளில் போட்டுக்கொள்ள மனம் வரவில்லை. மடித்துக் கையில் கொண்டுவருகிறேன். வாசலில் கொஞ்ச நேரம் நிற்பேன், அத்தை.