நான் விட்டுக்கொடுக்காத இடம்

மைனி,

அண்ணன் நேற்று சாயங்காலம் உன் விளையாட்டுப் பையைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு முன்னறையில் வைத்துவிட்டுப் போனான். "இது உனக்கிட்ட இருக்கட்டு மக்கா" என்றான். போட்ட காப்பியைக்கூடக் குடிக்கவில்லை. ஜிப்பை இழுத்ததும் வர்மத் தைலம் குப்பென்று மணத்தது. குப்பி காலிதான். முழங்கால் முட்டுக்கு நீ மாட்டும் உறையில் ஊறிப்போயிருந்த மணம் அது. தரையிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. உன்மேல் இல்லை, ஊர்மேல். நீ போன நாளிலிருந்து துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லாம் ஒரே கதையை என்னிடமே சொல்லிவிட்டுப் போகிறார்கள். மதுரையில் மாநில அணிக்கு ஆள் எடுத்தபோது, அண்ணன் பெண்டாட்டிக்காக நான் என் இடத்தை விட்டுக்கொடுத்தேனாம். இப்படி ஒரு நாத்தனார் யாருக்குக் கிடைப்பாள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைக்கிறார்கள். துக்கத்துக்கு வந்தவர்களிடம் சண்டை போட முடியாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

உனக்கும் எனக்கும் பழக்கம் தொடங்கியது முழங்கையில். நீ கோட்டாற்றுக் கான்வென்ட் பாஸ்கெட்பால் அணி, நான் நாகர்கோவிலின் மறு கோடியில் மிஷன் பள்ளிக்கூட அணி. நீ பாயின்ட் கார்டு. பந்தை நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து, மற்ற நாலு பேரும் எங்கே நிற்கவேண்டும், எப்போது ஓடவேண்டும் என்று நடத்துகிறவள். உன்னை அந்தக் கோட்டிலேயே மறிப்பது என் வேலை. எங்கள் சார் முதல் நாளே சொல்லித் தந்தார்: "அவளுக்க கண்ணப் பாக்காத, இடுப்பப் பாரு. கண்ணு பொய் சொல்லும்." அன்றைக்குப் பார்க்கத் தொடங்கியதுதான். உன் இடுப்பு எந்தப் பக்கம் திரும்பும் என்று என்னளவுக்குத் தெரிந்தவர் உலகத்தில் யாரும் கிடையாது, உன்னைக் கட்டிய என் அண்ணன் உட்பட.

நீ என்னைவிடக் குள்ளம். ரிங்கில் பந்து போடுவதில் உனக்குப் பெரிய ஆசையும் இல்லை. உன் அணியில் ஒரு நெட்டச்சி இருந்தாளே, அவளை மாவட்டத்திலேயே பெரிய ஆட்டக்காரி என்று ஊரே கொண்டாடியது. உனக்கு வங்கியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்து நீ அந்த அணியை விட்டுப் போனதும் அவளுக்குப் பந்தைப் பிடிக்கக்கூடத் தெரியாமல் போயிற்று. அப்போதுதான் எங்களுக்கெல்லாம் புரிந்தது, அதுவரை அவள் கையில் பந்தை வைத்துக்கொண்டிருந்தது யார் என்று. அடுத்த வருடமே நீ மாநில அணியில் இருந்தாய். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் அதுவரை யாரும் அங்கே போனதில்லை.

என் ஆட்டத்தைப் பார்க்க வந்த அண்ணன் உன்னைப் பார்த்தான். கல்யாணம் முடிந்த அன்றைக்கு, இனி அவளை மைனி என்று கூப்பிட வேண்டும் என்று அம்மா எனக்கு உத்தரவு போட்டாள். நீ என்னைவிட ஆறு மாதம் இளையவள். எத்தனையோ முறை உன் விலாவில் இடித்த முழங்கை இது. மைனி என்று கூப்பிடுகிறேன், ஆனால் நீ, போ, வா என்றுதான் பேசுவேன் என்று சொல்லிவிட்டேன். நீ கல்யாணச் சேலையில் இருந்துகொண்டு வாயைப் பொத்திச் சிரித்தாய்.

நீ உண்டாகியிருந்ததும் எனக்குத்தான் முதலில் தெரிந்தது. அடுக்களையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போன நீ, தூக்கும் முன் ஒரு கணம் நின்றாய். உன் இடுப்பு யோசித்ததை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. குடத்தை நான் தூக்கிக்கொண்டேன்.

அந்த வருடம் மாநில அணியில் உன் இடம் எனக்குக் கிடைத்தது. பந்து கொண்டுபோக அணியில் ரெண்டு பேர்தான். ஒருத்தி சென்னைக்காரி, அவள் இடத்தை யாரும் அசைக்க முடியாது. மிச்சம் இருந்த ஒரே இடம் அது. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கோட்டாற்றில் எங்கள் பாத்திரக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். எனக்கு மட்டும் அதில் ருசி இல்லை. பஸ்ஸில் யாரோ துண்டு போட்டு வைத்துவிட்டுப் போன சீட்டில் உட்கார்ந்த மாதிரியே வருடம் முழுக்க இருந்தது.

பிறகு ஜெனி பிறந்தாள். பிள்ளை பெற்றவள் திரும்பவும் கோர்ட்டில் இறங்கக் கூடாது என்று எங்கேயும் சட்டம் இல்லை. யாரும் இறங்கியதில்லை, அவ்வளவுதான். கல்யாணத்தோடு பாதிப் பேர் நின்றுபோவார்கள், பிள்ளையோடு மீதிப் பேர். நீயும் அப்படித்தான் என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டோம். ஒரு சாயங்காலம் பிள்ளைத் துணி அலசிக்கொண்டிருந்த நீ தலையைத் தூக்காமலே கேட்டாய்.

"நாளைக்குக் காலத்த கிரவுண்டுக்கு வாறியா?"

"நான் எதுக்கு?"

"வேற எவளும் என்னைத் தடுக்கமாட்டாளுவ. பிள்ள பெத்தவன்னு பாவம் பாத்து வழி விட்டுருவாளுவ. நீ விடமாட்ட."

எந்த இடத்துக்காக நீ ஆடப் பார்க்கிறாய் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டுக் காலையில் ஷூவை மாட்டினேன். உன்மேல் பாசம் பொங்கி வரவில்லை மைனி. அந்தத் துண்டை எடுத்துப் போட்டுவிட்டு, சீட்டு என்னுடையதுதான் என்று உன்னை ஜெயித்து உட்கார வேண்டும் என்று இருந்தது.

சர்ச் பள்ளிக்கூட மைதானத்தில் விடிந்ததும் தொடங்குவோம். அண்ணன் கடை திறக்கப் போய்விடுவான். ஜெனியைக் கோட்டுக்கு வெளியே துணி விரித்துப் படுக்க வைப்போம்; தண்ணீர் குடிக்க வெளியே வருகிறவள் அவளைத் தூக்கிக்கொள்ள வேண்டும் என்று நீயே ஒரு சட்டம் போட்டாய். முதல் மாதம் உனக்கு மூச்சு இரைத்த இரைப்பைப் பார்த்துப் பயந்துபோனேன். ஆனாலும் இரக்கம் காட்டவில்லை. நீ விழுந்தால் எழும்பும்வரை நிற்பேன், கை கொடுக்கமாட்டேன். பிள்ளையை எப்போதும் இடது இடுப்பில் வைத்து வைத்து நீ அந்தப் பக்கமாகவே சாய்ந்து நிற்கத் தொடங்கியிருந்தாய். பந்தோடு நின்றாலும் அதே சாய்வுதான். எப்போதும் இடப்பக்கமே போனாய், நான் பெரும்பாலும் மறித்தேன். சும்மா நிற்கும்போதே எங்கே போகப்போகிறாய் என்று பறையடித்துச் சொல்கிறாய் என்று கேலி பண்ணினேன். நீ பந்தைத் தட்டிக்கொண்டு நின்றாய்.

அம்மா என்னைத் தனியே பிடித்து ஏசினாள். "உனக்கு மண்டையில ஒண்ணும் இல்லியாட்டி? உனக்க சோத்துல நீயே மண்ணள்ளிப் போடுத" என்றாள். மருமகளிடம் நேராக ஒன்றும் சொல்லமாட்டாள், ஆனால் பெத்தவளுக்கு இனி என்ன பந்து என்று பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். கடைசிவரை அவள் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நீ காலையில் குடிக்க அவள் வைக்கும் உளுந்தங்கஞ்சி மட்டும் ஒரு நாளும் தவறாமல் இருக்கும்.

மதுரையில் நம்மை எதிரெதிர் அணியில் போட்டார்கள். அண்ணன் ஜெனியோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். பாதி ஆட்டத்தில் அவள் பசித்து அழத் தொடங்கினாள். அந்த அழுகை காதில் விழுந்த மாத்திரத்தில் உன் பனியன் முன்பக்கம் நனைந்துவிட்டது. கூட ஆடிய பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நடுவர் விசில் ஊதிவிட்டு, உன்னைப் பார்க்காமல், பனியனில் என்ன என்று கேட்டார். கடைசி வரிசைக்குக் கேட்கும்படி நீ சொன்னாய்:

"பாலு, சார். எல்லாவளுக்கும் வேர்வ வருது. எனக்கு ரெண்டும் வருது."

ஒரு துண்டை வாங்கித் துடைத்துவிட்டு, பந்தைத் தரச்சொல்லிக் கையை நீட்டினாய். எனக்கு உடம்பு புல்லரித்தது. அடுத்த நிமிடமே உன்னைப் பிடித்துத் தள்ளி ஃபவுல் வாங்கினேன். அதுவும் உண்மைதான்.

கடைசியில் ரெண்டு அணியும் சமம். பந்து உன்னிடம், எதிரில் நான். அணிக்கு ஆள் எடுப்பவர்கள் மூன்று பேரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். நீ அதே மாதிரி நின்றாய், இடது இடுப்பைத் தள்ளிக்கொண்டு, ஜெனி அங்கே இருப்பது போல. நான் கண்ணைப் பார்க்கவில்லை. இடுப்பைத்தான் பார்த்தேன். எனக்குத் தெரிந்த இடுப்பு. இடப்பக்கம் முழு உடம்பையும் கொண்டுபோய் வைத்தேன். நீ வலப்பக்கம் போய்விட்டாய். நான் திரும்புவதற்குள் ரிங்குக்கு அடியில் நின்றவளின் கையில் பந்து இருந்தது, அவள் போட்டாள், விசில் ஊதிவிட்டார்கள். பிறகு பெயர்களை வாசித்தார்கள். உன் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன்னோடு பேசவில்லை. ஜெனி என் மடியில் தூங்கினாள். வள்ளியூர் தாண்டி, ஆரல்வாய்மொழிக் காற்று முகத்தில் அடித்தபோதுதான் வாய் திறந்தேன்.

"அதை எத்தனை நாளா வச்சிருந்த?"

"நீ கேலி பண்ணுன அன்னைக்கிலேருந்து" என்றாய் நீ.

பல மாதம். தினமும் காலையில் இடப்பக்கம் போய்ப் போய், என்னிடம் மறிபட்டு மறிபட்டு, அந்த ஒரே ஒரு தடவைக்காக வலப்பக்கத்தை எனக்குக் காட்டாமலே வைத்திருந்திருக்கிறாய். பிள்ளை பெற்றதால் போயிற்று என்று நாங்கள் எல்லாம் நினைத்த உடம்பை வைத்தே என்னை ஏமாற்றினாய். உன் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை, ஜெனி விழித்துக்கொண்டாள்.

கேம்ப்புக்கு நானும் பிள்ளையோடு வருவேன் என்று என்னைக் கேட்காமலே நீ அவர்களிடம் சொல்லியிருந்தாய். அதற்கும் ஒரு வாரம் உன்னோடு சண்டை போட்டேன், ஆனால் வந்தேன். குழந்தைக்கு ஹாஸ்டலில் இடமில்லை என்று வார்டன் வாசலிலேயே நிறுத்திவிட்டாள். பிள்ளை உள்ளே வந்தால் நானும் வருவேன் என்று சொல்லிவிட்டு நீ பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டாய். வெயில் ஏறியதும் சமையல்கட்டுக்குப் பக்கத்தில் அரிசி மூட்டை வைத்திருந்த அறையை ஒழித்துத் தந்தார்கள். அடுத்தடுத்த வருடங்களில் வேறு ஊர்க்காரிகளும் பிள்ளைகளோடு வந்து அதே அறையைக் கேட்டார்கள். இப்போது கைக்குழந்தையோடு ஒருத்தி கேம்ப்புக்கு வந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மாநில அணிக்கு நீ கேப்டனும் ஆனாய். சென்னைக்காரி நின்றதும் நானும் உள்ளே வந்தேன், நீ களைத்தால் நான் என்று சில வருடம் ஆடினேன், பிறகு அஞ்சுகிராமம் பக்கம் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராகப் போய்விட்டேன்.

விட்டுக்கொடுத்த கதையைத் தொடங்கி வைத்தவன் அண்ணன்தான். கெட்ட எண்ணம் இல்லை, தங்கச்சிப் பாசம். கடையில் நாலு பேரிடம் சொன்னான், அது ஊர்க்கதை ஆகிவிட்டது. நீ அப்படியில்லை என்றாய், அடக்கம் என்றார்கள். நான் இல்லை என்றேன், அதையும் அடக்கம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் பேச்சே கஷ்டமாக இருந்தபோது, எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாய். "ஏட்டி, நீ விட்டுத்தந்தன்னு சொல்லுதானுவல்லா, அத மட்டும் சம்மதிச்சிராத. எனக்க ஆட்டத்துலயே நல்ல ஆட்டம் அது. ஒனக்கதும் அதுதான்."

இன்று காலை சர்ச்சில் உனக்கு நினைவுக் கூட்டம். போதகர் உன் விளையாட்டைப் பற்றி நன்றாகத்தான் பேசினார். முடிக்கும்போது தியாகம் என்றார், நாத்தனாரின் அன்பு என்றார், ரெண்டு வார்த்தை பேசும்படி என்னை அழைத்தார். எல்லோரும் கைக்குட்டையோடு தயாராக இருந்தார்கள். நான் அதற்கு ஆமென் சொன்னால் என்ன ஆகும் மைனி? நீ ஜெயிக்கவில்லை என்று ஆகும். பிள்ளை பெற்ற ஒருத்திக்கு யாரோ பாவம் பார்த்து வழி விட்டார்கள் என்று ஆகும். எழுந்துபோய் மைக்கைப் பிடித்தேன்.

"நான் விட்டுக்கொடுக்கல்ல. எனக்கு அந்த இடம் வேணும்னு இருந்துது. என்னால ஆன மட்டும் தடுத்தேன். அவ என்னைத் தாண்டிப் போனா" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். குவைத்திலிருந்து வந்திருக்கும் ஜெனி மட்டும், முன்வரிசையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சத்தமாகச் சிரித்தாள். நீ அவளுக்குச் சொல்லியிருக்கிறாய், கள்ளி. வெளியே வரும்போது யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. ஒரு கிழவி மட்டும், செத்தவளைப் பற்றி இப்படியா பேசுவது என்று முணுமுணுத்தாள்.

பேசட்டும். முழு பலத்தோடு நின்று உன்னிடம் தோற்றவள் நான். அந்தத் தோல்வி என்னுடையது மைனி. அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.