பின்காற்று

அக்டோபர் 14, செவ்வாய்
ஹைதராபாத். மழை. காலையில் தம்பி ஜெரால்டு ஃபோன் பண்ணினான். அப்பா போய்விட்டார். தூக்கத்திலேயே.

என் இன்றைய டூட்டிக்கு வேறு துணை விமானியைப் போட்டுவிட்டார்கள். சேலம் விமானத்தில் பயணியாக இடம் கிடைத்தது. சாயங்காலம் அடக்கம். சேலத்திலிருந்து பொம்மிடி கிட்டத்தில்தான். முகம் பார்த்துவிடலாம்.

அதே நாள், பெங்களூரு
சேலத்தில் இறங்கவில்லை. தாழ வந்து, வயல் வரப்பெல்லாம் தெரிந்து, மறுபடி மேலே. இரண்டாம் தடவையும் அப்படியே. பின்காற்று அளவுக்கு மேல் என்று கேப்டன் அறிவிப்பு. மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர், அதற்கு மேல் கூடாது. பின்னாலிருந்து காற்று தள்ளினால் வேகம் அடங்காது, ஈர ஓடுபாதை போதாது. மறுமுனையிலிருந்து வரலாமென்றால் அந்தப் பக்கம் மலையை மூடி மேகம்.

பக்கத்து சீட்டுக்காரர் கேப்டனைத் திட்டிக்கொண்டே வந்தார். நான் ஓட்டியிருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன்.

பெங்களூரில் இறங்கியதும் ஜெரால்டு ஃபோன். ஊரில் மழை, கரண்ட் இல்லை, ஃப்ரீசர் பெட்டி நின்றுவிட்டது. பங்குச் சாமியார் காத்திருக்கிறார்.

"என்ன பண்ணட்டும்க்கா? நீயே சொல்லு."

டாக்ஸி பிடித்தாலும் இருட்டிவிடும்.

"எடுத்துடுங்க."

அக்டோபர் 15, புதன்
தூறல். கல்லறையில் ஈர மண், நசுங்கிய சாமந்தி. அம்மா என் கையை விடவே இல்லை. சாப்பிடும்போதும்.

சித்தப்பா வந்தவர்களிடம் சொல்வது காதில் விழுந்தது: "இவளே பிளேன் ஓட்டற புள்ள. உள்ள போயி ஒரு வார்த்த சொல்லியிருந்தா எறக்கியிருக்க மாட்டாங்களா?"

ஜெரால்டு என் முகத்தைப் பார்ப்பதில்லை. தண்ணீர் கேன், வாடகை நாற்காலி, பந்தல் என்று ஓடிக்கொண்டே இருக்கிறான்.

அக்டோபர் 16, வியாழன்
மூன்றாம் நாள் பூசை. வெயில். எல்லோரும் போனபின் கல்லறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"நெசமாவே எறங்கியிருக்க முடியாதாக்கா?"

"எறங்கியிருக்கலாம். நின்னிருக்குமான்னுதான் தெரியாது."

"உள்ள நெறைய பேரா?"

"ஒரு சீட் காலி இல்ல. கைக்கொழந்தைங்க வேற."

குனிந்து, மண்ணில் நசுங்கிக் கிடந்த சாமந்தியைப் பொறுக்கி ஓரமாகப் போட்டான். விமானத்தில் இருந்தவர்கள் வீட்டிலும் யாராவது காத்திருந்திருப்பார்கள் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவனே சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தான்.

"பொட்டி மூடறதுக்கு முன்னாடி அப்பா மூஞ்சிய எடுத்து வெச்சேன். உனக்குத்தான். இப்ப பாக்கறியா?"

வாங்கிக்கொண்டேன்.