காதைத் தொட்ட சைகை

ஏப்ரல் 17, 1998, வெள்ளி. எடிசன்.

தூக்கம் வரவில்லை. இன்று நானும் மனைவியும் பார்க்கப் போன கல்லூரி பேஸ்பால் மேட்சில், ஓங்கி அடிக்க வேண்டிய பந்தை என் மகன் கார்த்திக் மெல்லத் தட்டிவிட்டான். மூன்றாவது பேஸில் நின்ற அவன் அணிப் பையனோ, அது முன்பே தெரிந்ததுபோல், பந்து வருமுன்னே ஓடத் தொடங்கியிருந்தான். ஜெயித்தார்கள். ஆனாலும் புதுக் கோச் கத்தினார். தட்டச் சொல்லி அவர் எந்தச் சைகையும் காட்டவில்லையாம்.

காரில் கேட்டேன். "யாருடா தட்டச் சொன்னது?"

"ஓல்ட் கோச், அப்பா. ஹி டச்டு ஹிஸ் இயர்."

"போன மாசம்தானேடா அவர் ஃப்யூனரலுக்குப் போனோம்!"

"ஐ நோ."

பழக்கதோஷம் என்று வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

"பந்து வர்றதுக்கு முன்னாடியே, 'தட்டப் போறான் பாரு'ன்னு எங்கிட்ட சொன்னீங்களே, எப்படி?" என்றாள்.

மாடிக்கு வந்துவிட்டேன். பழைய கோச் காதைத் தொட்டதைப் பார்த்துத்தான் சொன்னேன்.