எழுநூற்றுப் பத்துப் பேருக்கு அசனம்

திருவொற்றியூர்,
நவம்பர் 11

அன்பு மகள் ரெஜிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நலம் விசாரிப்பதற்கு முன்னால் எனக்கு நடந்த அநியாயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பேனா அடுத்த வரிக்கு நகராது. சபைப் பண்டிகை அசன விருந்துக்குப் பத்தொன்பது வருடமாகச் சாமான் அறையைப் பார்த்துவந்தவன் நான். அந்தப் பொறுப்பை என்னிடமிருந்து பிடுங்கி பிராங்கிளினிடம் கொடுத்துவிட்டார்கள். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டிலிருந்து ரிடையர் ஆன அதே பிராங்கிளின்தான். எத்தனை கிலோ அரிசி என்று கேட்டால் வானத்தைப் பார்க்கிற ஆள். அவருக்குத் தெரிந்த நிர்வாகம் எல்லாம், "இன்னொரு மூட்டை போடு நைனா, மிஞ்சினா துன்னுக்கலாம்" என்பதுதான். எனக்கோ சப்ளை செயினில் சர்டிபிகேட் இருக்கிறது. சர்டிபிகேட் இருப்பவனை இறக்கிவிட்டு வானத்தைப் பார்ப்பவரை ஏற்றியிருக்கிறார்கள். மற்றபடி கர்த்தர் கிருபையால் நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் என் பெயரைச் சொல்லித் திட்டுகிறாள். இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் பேசியே அனுப்பியிருப்பேன், ஆனால் நீ என் பேச்சை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று தெரியவந்தது. கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது, உட்கார்ந்து படி.

இதற்கெல்லாம் ஆரம்பம் நீ அனுப்பிய லிங்க்தான் என்பதை இங்கேயே பதிவு செய்கிறேன். அப்பா கடையில் செய்வதைத்தான் இதில் பாடமாக வைத்திருக்கிறார்கள், பொழுது போகும், பாருங்கள் என்று போட்டிருந்தாய். நான் எட்டாம் வகுப்பு, பிஸ்கட் அட்டைப்பெட்டியையும் லாரி ரசீதையும் எழுத்துக் கூட்டி இங்கிலீஷ் படித்தவன். பாடம் சொல்லும் அம்மாள் பேசுகிற வேகத்துக்கு என்னால் ஓட முடியவில்லை, அவரை முக்கால் வேகத்துக்கு இறக்கிவைத்தேன். கொஞ்சம் தூக்கக் கலக்கத்தில் பேசுவது போல இருந்தது, ஆனால் புரிந்தது. கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டே கேட்பேன். ஒரு பரீட்சையை மூன்று முறை எழுதினேன். மூன்றாவது முறையும் நான் சொன்னதுதான் சரி, அவர்கள்தான் தப்பாக வைத்திருந்தார்கள், ஆனாலும் பெரிய மனசு பண்ணி அவர்கள் விரும்பிய பதிலையே அழுத்தினேன். அவரவர் வேகத்தில் படிக்கலாம், எந்தப் பாடத்திலிருந்தும் தொடங்கலாம் என்று போட்டிருந்தது. முதல் பாடத்துக்கு அறிமுகம் என்று பெயர். முப்பத்தெட்டு வருடமாகத் தேரடிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருப்பவனுக்கு எதற்கு அறிமுகம் என்று அதைத் தாண்டிவிட்டேன். இதை மனதில் வைத்துக்கொள், என் முட்டாள்தனத்தில் பாதி அதற்குள் இருக்கிறது.

மூன்றாவது பாடம் சவுக்கைப் பற்றியது. கையில் லேசாக அசைத்தால் நுனியில் பெரிதாகச் சுழலும் இல்லையா, அதைப் போலக் கடைக்காரன் பயத்தில் கொஞ்சம் கூட்டிக் கேட்பான், மொத்த வியாபாரி இன்னும் கூட்டுவான், கம்பெனிக்குப் போகும்போது அது மலையாகிவிடும், கடைசியில் சரக்கு தேங்கும் என்றார் அந்த அம்மாள். கேட்டதும் துள்ளி எழுந்தேன். நம் அசனம் அப்படியே இதுதானே. வீட்டுக்கு எத்தனை பேர் என்று எழுதி வாங்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு மூன்று சேர்த்து எழுதுகிறார்கள், அதை வாங்கும் மூப்பர் ஐம்பது சேர்க்கிறார், சமையல் மாஸ்டர் நூறு சேர்க்கிறார், ஆயிரத்து நூறு பேருக்கு உலை வைக்கிறோம். இந்த வருடம் சவுக்கைப் பிடுங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து வீடு வீடாகத் தலையை எண்ணினேன். ஒவ்வொரு பட்டியலையும் சிவப்புப் பேனாவால் திருத்தினேன். நம் வீட்டுக்கு அம்மா ஒன்பது என்று எழுதியிருந்தாள், இரண்டு ஆக்கினேன். அறுநூற்று நாற்பத்தைந்து வந்தது. பாதுகாப்புக்கு நூற்றுக்குப் பத்து சேர்க்கலாம் என்று பாடத்தில் இருந்ததால் எழுநூற்றுப் பத்து. தலைக்கு ஒரு டோக்கன் அச்சடித்தேன். கமிட்டியில் வாயைத் திறந்தவர்களிடம் எல்லாம் சவுக்கு, சவுக்கு என்று சொல்லி வாயை அடைத்தேன். பிராங்கிளின் மட்டும் வானத்தைப் பார்த்தார்.

பண்டிகை அன்று வாசல் கேட்டில் நானே நின்றேன். முதல் பந்தி அழகாக முடிந்தது, ஒரு பருக்கை வீணாகவில்லை, எனக்குக் கர்வம் தாங்கவில்லை. பிறகு எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுக லாரி வரிசையில் மாட்டிக்கொண்ட டிரெய்லர் டிரைவர்கள் வழக்கம்போல இறங்கி வந்தார்கள். ஒவ்வொரு வருடமும் வருகிறவர்கள்தான். நான் டோக்கன் கேட்டேன். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவர், "டோக்கனா, கோயில் சாப்பாடுன்னுதானே சொன்னாங்க" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவரைப் பார்த்து மற்றவர்களும் திரும்பினார்கள். ஆயர் ஓடி வந்து என் கையைக் கேட்டிலிருந்து எடுத்துவிட்டுக் கதவை விரியத் திறந்தார். அதற்குப் பிறகு வீதியில் இருந்த ஜனம் எல்லாம் வந்தது. ஒன்றரை மணிக்குச் சோறு தீர்ந்தது. டோக்கன் வைத்திருந்த நம் ஆட்களே நாற்பது பேர் வெறும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டரைக்கு ரஹீமுன்னிசா வந்தார். நம் கடைக்கு இரண்டு கடை தள்ளிப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறாரே அவர்தான். அசனத்துக்கு அண்டாக்களை வாடகை வாங்காமல் தருகிறவர். அவரும் சாப்பிட வேண்டும் என்றுதான் சபையில் ஆட்டைக் கறிக்கடை தவ்ஃபீக் பாய் கையால் ஹலாலாக அறுக்கிறோம். கடையை மூடிவிட்டு, வேலை செய்யும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு, கடைசியாக வருவது அவர் வழக்கம். ஒவ்வொரு அண்டாவாக எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா அண்ணாச்சி, அண்டாவ இப்டி வழிச்சி வெச்சிக்கீறீங்க. எனக்குக் கழுவுற வேல மிச்சம்" என்றார். பிறகு அந்தப் பெண்களிடம், "வாங்கமே, ஓட்டலாண்ட போலாம்" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், என்னிடம் பதில் எப்போதும் தயாராக இருக்கும் என்று உனக்குத் தெரியும். அவர் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து மூன்று வாரமாக அவர் கடையைத் தாண்டாமல் இருப்பதற்காக ரோட்டைக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்கமாக நடந்து போகிறேன். இந்த லாரிகளுக்கு நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற கிழவனை நினைத்துப் பார், அவனுக்குத்தான் அந்தச் சர்டிபிகேட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்று இரண்டு மார்க்.

வீட்டுக்கு வந்தும் நான் விடவில்லை. பாடம் சரி, ஜனம்தான் தப்பு என்று சத்தம் போட்டேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஒம்பதுன்னு எழுதிக் குடுத்தேன்லா. நாம ரெண்டு பேருன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். எல்லா வீட்டிலும் கூட்டி எழுதியது பயத்தில் இல்லை ரெஜி. அந்த ஏழில் ரஹீமுன்னிசாவும் அந்தப் பெண்களும் இருந்தார்கள், பெயர் தெரியாத டிரைவர்கள் இருந்தார்கள். வருகிறவர்களை யாரும் எண்ணிவைக்கவில்லை, ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்து எழுதி அவர்களுக்கு இடம் போட்டிருந்தார்கள். அதைத்தான் நான் சிவப்பு மையால் அடித்தேன். மறுநாள் அந்த அறிமுகப் பாடத்தைப் போட்டுப் பார்த்தேன். எட்டே நிமிடம். சப்ளை செயின் என்ற சங்கிலியை மறுமுனையிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள், அங்கே கையை நீட்டி நிற்பது யார் என்று முதலில் கேளுங்கள் என்கிறார் அந்த அம்மாள். இதை ஐந்தாம் பாடத்தில் வைத்திருந்தால் நான் பார்த்திருக்க மாட்டேனா.

தப்பு என்னுடையது என்று கமிட்டியில் ஒரு வார்த்தை சொன்னால் சாமான் அறையைப் பிராங்கிளினோடு சேர்ந்து பார்க்கலாம் என்கிறார் ஆயர். சவுக்குப் பாடம் சரிதான் என்று இப்போதும் சொல்வேன், அதில் ஒரு எழுத்தைக்கூட விட்டுத்தர மாட்டேன். ஆனால் இனி ஆக வேண்டியது இது. வரும் ஞாயிறு கமிட்டியில் எழுந்து நின்று அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டியது நான். சாமான் அறையை முழுசாகவே பார்க்க வேண்டியது பிராங்கிளின், அவர் ஒரு மூட்டை கூடப் போடட்டும். எனக்குக் கடைசிப் பந்தியைத் தர வேண்டியது ஆயர், வாளியைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் நிற்பேன். குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டியதும், வேளைக்குச் சாப்பிட வேண்டியதும் நீ. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார், அப்பா அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. நாளைக் காலை தவ்ஃபீக் பாய் கடையில் கறி வாங்கி, ரோட்டைக் கடக்காமல் நேராக ரஹீமுன்னிசா கடைக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டியதும் நான்தான். சமைக்க வேண்டியது அம்மா. எத்தனை பேருக்கு என்று கேட்டாள். அங்கே இருப்பது மூன்று பேர். பத்துப் பேருக்கு வை என்றேன். மீதி ஏழு பேர் யார் என்று அவள் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
எபினேசர்