வண்டி போகாத படிகள்

யொபுகோ,
மே 28

மினே கியோஹரு அவர்களுக்கு,

முப்பத்து நான்கு வருடத்தில் உங்கள் முழுப் பெயரை நான் எழுதியது அரசாங்கப் படிவங்களில் மட்டும்தான். இப்போதும் ஒரு படிவத்துக்காகத்தான் எழுதுகிறேன். விவாகரத்துப் படிவம் உள்ளே இருக்கிறது. என் பக்கம் நிரப்பி முத்திரையும் வைத்துவிட்டேன். உங்கள் பக்கத்தை நிரப்பி, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குங்கள். சாட்சிக்கு, நான் வந்து தங்கியிருக்கும் என் அக்கா கினுயோ தானாகவே முன்வந்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்குப் பிடிக்கவில்லை, வேண்டாம் என்றுவிட்டேன். நீங்கள் நாகசாகியில் முப்பத்தோரு வருடம் டாக்ஸி ஓட்டியவர். ஊர் முழுக்கத் தெரியும். இரண்டு பேர் கிடைக்காமலா போவார்கள்?

எனக்குக் கோபம் இல்லை. கண் சரியில்லை என்று ஜனவரியில் வண்டியை ஒப்படைத்தீர்கள். இனிமேலாவது சேர்ந்து வெளியே போவோம் என்று நினைத்தேன். நீங்கள் டிவி முன்னால் உட்கார்ந்தீர்கள். மார்ச்சில் ஒரு நாள் ஓடிவந்து, "கொஞ்சம் வாங்களேன், ஒண்ணு காட்டறேன்" என்றேன். "என்ன இருக்கு பாக்கறதுக்கு" என்றீர்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பதிலை இனி கேட்க முடியாது என்று அன்றைக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

தொலைபேசியில் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் "ம்" என்பீர்கள். எழுதுங்கள். கடிதத்தில் யாரும் "ம்" என்று மட்டும் எழுத முடியாது.

ஃபிரிட்ஜின் மேல்தட்டில் ஊறுகாய் இருக்கிறது. எடுத்துச் சாப்பிட்டிருக்கமாட்டீர்கள்.

ஹட்சுமி

நாகசாகி,
ஜூன் 9

ஹட்சுமிக்கு,

கடிதத்தைப் பருவத்தைச் சொல்லித் தொடங்க வேண்டுமாம். மழை.

ஊர் முழுக்க எனக்குத் தெரியும் என்று எழுதியிருந்தாய். யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் பின்சீட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்து இறங்கிப் போனவர்கள். கடைசியில் சலூன் வைத்திருக்கும் இவநாகாவின் நினைவு வந்தது. வாரம் ஒருமுறை அவரை ஏற்றிக்கொண்டு போய் மலைச்சரிவில் ஏறும் படிகளின் கீழே இறக்கிவிடுவேன். அதற்கு மேல் வண்டி போகாது. நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன். அந்தப் படிகள் எங்கே போகின்றன என்று பார்க்க எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

செவ்வாய்க்கிழமை ஏறினேன். பாதி வழியில், வளைவில் ஒரு வட்டக் கண்ணாடி மாட்டியிருந்தது. வண்டிகளே வராத இடத்தில் எதற்கென்று தெரியவில்லை. அதில் ஒரு கிழவர் குடையோடு மூச்சு வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். வழி விடுவோம் என்று ஒதுங்கி நின்றேன். அவரும் ஒதுங்கி நின்றார். மரியாதை தெரிந்த மனிதர் என்று நினைத்துக் குனிந்து வணங்கினேன். அதற்குப் பிறகுதான் புரிந்தது. நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை. ஒரு பூனையைத் தவிர.

நுனி வளைந்த வால், பழுப்பு நிறம். அது எனக்கு முன்னால் ஏறிப்போய் இவநாகாவின் கடைக்குள் நுழைந்தது. அங்கே முகம் துடைக்கும் சூடான துண்டுகள் வைக்கும் பெட்டியின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. அது கண்ணை மூடும்வரை இவநாகா பெட்டியைத் திறப்பதில்லையாம். அதுவரை வாடிக்கையாளர்கள் காத்திருக்க வேண்டும். நான் காத்திருந்தேன். முடியும் வெட்டிக்கொண்டேன், நான் கேட்காமலே நடந்துவிட்டது.

படிவத்தைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். என்ன காரணம் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"காரணம் தெரியாம எப்படிங்க சாட்சிக் கையெழுத்து போடறது? வீட்ல கேட்டுக்கிட்டு வாங்க" என்றார்.

ஆகவே கேட்கிறேன். அன்றைக்கு எதைக் காட்டக் கூப்பிட்டாய்?

ஊறுகாயைச் சாப்பிட்டேன். தீர்ந்துவிட்டது.

கியோஹரு

யொபுகோ,
ஜூன் 17

கியோஹரு அவர்களுக்கு,

அந்தப் பூனையை நீங்கள் கண்டுபிடித்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அதன் பெயர் மிசோ. அதன் அம்மாவையும் எனக்குத் தெரியும். அந்தத் துண்டுப் பெட்டியைப் பற்றி உங்களிடம் சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருக்கிறேன். நீங்கள் சோற்றுக் கிண்ணத்தை நீட்டினீர்கள்.

ஆனால் கண்ணாடிக் கிழவருக்கு வணக்கம் சொன்னதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். கணவாய் மீன் கழுவிக்கொண்டிருந்த அக்கா, என்ன என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். நம்பவில்லை.

அன்றைக்குக் காட்டக் கூப்பிட்டது பெரிய விஷயம் இல்லை. நம் தெருவுக்கு மேலே இருக்கும் பிளம் மரம் ஒரே மழையில் பூவையெல்லாம் கொட்டிவிட்டது. படியோரத்துச் சின்ன வாய்க்கால் முழுக்க இதழ்கள். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் தேங்கி, சுற்றி, அடுத்த படிக்கு இறங்கிக்கொண்டிருந்தன. படியை அவை யோசித்து யோசித்து இறங்குவது போல இருந்தது. நாம் இருவரும் அதைப் பார்த்திருந்தால் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். நான் திரும்பிப் போனபோது தண்ணீர் வேகம் எடுத்துவிட்டது, ஒன்றும் இல்லை.

இவநாகாவிடம் காரணம் இதுதான் என்று சொல்லுங்கள். ஊரெல்லாம் சுற்றிவிட்டு என் கணவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஈரச் செருப்பு மட்டும்தான்.

இங்கே கணவாய் உலர்த்த ஒரு இயந்திரம் இருக்கிறது. ராட்டினம் மாதிரி. கணவாய்களை மாட்டி விசையை அழுத்தினால் எல்லாம் கைகளை விரித்துக்கொண்டு சுற்றும். சுற்றுலா வந்தவர்கள் படம் எடுக்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. அக்கா, "அது கணவாய்தானே" என்கிறாள். நம் வீட்டில்தான் இருக்கிறேனோ என்று சந்தேகம் வந்துவிடுகிறது.

ஹட்சுமி

நாகசாகி,
ஜூலை 4

ஹட்சுமிக்கு,

வலது கணுக்கால் வீங்கியிருக்கிறது. ஆகவே உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன்.

உன் கடிதத்தை இவநாகாவிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். எனக்கு வாயால் சொல்ல வரவில்லை. படித்தார். வாய்க்கால் வரும் இடத்தில் திரும்ப மேலே போய்ப் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். 

அதற்குப் பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை. தினமும் ஏதாவது ஒரு படிக்கட்டில் ஏறினேன். இரண்டாவது சாட்சியைத் தேடுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை.

குப்பை எடுக்கும் பெண் தகாவாவை உனக்குத் தெரிந்திருக்கும். நாற்பது வயதிருக்கும், நல்ல தோள்கள். மேலே உள்ள வீடுகளின் மூட்டைகளைப் படகு மாதிரி ஒரு சறுக்குத் தொட்டியில் அடுக்கி, கயிற்றைப் பிடித்தபடி படி படியாகக் கீழே இறக்குகிறாள். தட தட என்று அது இறங்கும் சத்தத்துக்கு ஜன்னல்கள் திறக்கின்றன. ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் ஒருவர் அவளிடம் ஏதோ சொல்கிறார். வானிலை, முட்டி வலி, மகளுக்கு வந்த வேலை. இந்த ஊருக்குள் இப்படி ஒரு சாலை ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

மூன்றாவது நாள், கயிற்றை நான் கொஞ்சம் பிடிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். நான் ஓட்டுநர், இறக்கம் எனக்குப் பழக்கம் என்றேன். கொடுத்தாள். பதினோரு படிகள், ஹட்சுமி. முதல் இரண்டு படிகளில் நான் தொட்டியை இழுத்தேன். மூன்றாவதில் அது என்னை இழுத்தது. அதற்குப் பிறகு மூட்டைகளின் மேல் உட்கார்ந்துதான் வந்தேன். ஒரு வீட்டு ஹைட்ரேஞ்சியாப் பூப்புதரில் போய் நின்றோம், நானும் குப்பையும். ஜன்னல்களில் கை தட்டினார்கள்.

தகாவா என்னை ஒரு வீட்டு வாசலில் உட்காரவைத்துக் காலில் ஈரத்துணி கட்டினாள். அப்போது படிவத்தைக் காட்டினேன். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கினாள்.

"எனக்கும் ஒரு தடவை ஆயிருக்கு. சாட்சிக்கு ஆள் கிடைக்காம அலையறது கொடுமைதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். என் அப்பாவியான முகத்தைப் பார்த்து, "ஆனா நீங்க அலையற மாதிரி தெரியலையே, ஊர் சுத்தற மாதிரில்ல இருக்கு" என்றாள்.

படிவம் நிறைந்துவிட்டது. என் முத்திரையும் வைத்து உள்ளே அனுப்பியிருக்கிறேன். தாமதப்படுத்த இதையெல்லாம் எழுதுகிறேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது. நீ கேட்டாய், அனுப்பிவிட்டேன். நீயே கொண்டுபோய்க் கொடு.

ஒன்று மட்டும் சொல்கிறேன். முன்பெல்லாம் வீட்டுக்கு வந்தால் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்காது. வண்டிக்குள் கேட்டது எல்லாம் பிறருடைய பேச்சு, அதை வண்டியிலேயே விட்டுவிட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்படியே பழகிவிட்டேன். இப்போது ஒன்றைப் பார்த்தால், "ஹட்சுமி, இங்க பாரு" என்று வாய் போகிறது. நேற்று அதைக் கேட்டு ஒரு தபால்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

கியோஹரு

யொபுகோ,
ஜூலை 10

கியோஹரு அவர்களுக்கு,

படிவம் கிடைத்தது. பிழை எதுவும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு பஸ் மாறி வருகிறேன். காலை பத்து மணிக்கு இஷிபாஷி டிராம் நிறுத்தத்தில் இருப்பேன். மாநகராட்சி அலுவலகத்தில் நானே கொடுத்துவிடுகிறேன். நீங்கள் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கணுக்கால் சரியாகியிருந்தால் வாருங்கள். இல்லாவிட்டால் வேண்டாம். வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வையுங்கள்.

ஹட்சுமி

யொபுகோ,
ஜூலை 21

என்னங்க,

வந்து சேர்ந்தேன். முட்டி இரண்டும் கழன்றுவிடும் போல இருக்கிறது. டிராமில் போனால் சீக்கிரம் போய்விடலாம், மேலே ஏறிப் படிவழியாகப் போனால் நன்றாக இருக்கும் என்று நீங்கள் சொன்னபோதே நான் யோசித்திருக்க வேண்டும். அதே தண்ணீர்த் தொட்டியை மூன்று முறை பார்த்தோம். மூன்றாவது முறை நீங்கள் அந்தத் தபால்காரப் பெண்ணிடம் வழி கேட்டீர்கள். அவள், "ஊருக்குப் புதுசா?" என்றாள். "ஆமாம்மா, புதுசுதான்" என்றீர்கள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது எதற்கென்று உங்களுக்குத் தெரியாது. சிரிப்பு மட்டும் இல்லை.

ஏழு குடைகளை விரித்து மாடியில் காயவைத்திருந்த வீடு எனக்கு மிகவும் பிடித்தது. காற்றில் அவை எல்லாம் ஒரே பக்கம் திரும்பியதை நீங்கள்தான் முதலில் பார்த்தீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஏறுகிறவர்கள் உட்கார்ந்து மூச்சு வாங்க யாரோ படியில் சின்ன மெத்தை வைத்திருந்தது எனக்கும் புதிது. அங்கே உட்கார்ந்து, ஐஸ்காரி ரோஜா மாதிரி வழித்துக் கொடுத்த ஐஸைத் தின்றபோது நீங்கள் பேசிக்கொண்டே இருந்தீர்கள். "கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்" என்று சொல்லிவிட்டேன். உங்களிடம் இப்படிச் சொல்லும் நாள் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். கணவாய் வேலை முடியும்வரை, அக்டோபர் வரைக்கும் இங்கேதான் இருப்பேன். எனக்கு இங்கே என்று ஒரு அறை, ஒரு வேலை, சொந்த ரப்பர் காலணி எல்லாம் இருக்கிறது. மாதத்தில் இரண்டு ஞாயிறு நீங்கள் வாருங்கள். பார்ப்போம். ராட்டினத்தை உங்களுக்குக் காட்ட வேண்டும்.

நேற்று அக்கா வாசலிலேயே நின்றாள். கொடுத்தாச்சா என்றாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி தாண்டிவிட்டது, அலுவலகம் பூட்டியிருந்தது என்றேன். அது உண்மைதானே. காவலர் நம்மைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, பின்பக்கத்து ஜன்னலில் இந்த மாதிரிப் படிவங்களை எந்நேரமும் வாங்குவார்கள், நேராகப் போய் இடப்பக்கம் திரும்புங்கள் என்று கையைக் காட்டினார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு டிராம் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன். இதை அக்காவிடம் சொல்லவில்லை.

அவள் விடுகிற ஆளா? "அவ்வளவு பெரிய ஆபீஸ்ல வேற வழியே இல்லையாடி?" என்றாள்.

"என் கண்ணுல படலை" என்றேன்.

ஹட்சுமி